மூன்றில் ஒன்று

நகால் பேரீச்சை மரத்தில் பாளை எட்டிப் பார்த்ததை அந்த வருடம் முதலில் கண்டது நான்தான். சமையலறையின் பின்படியில் உட்கார்ந்து பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் உடம்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கால்களை மட்டும் தோட்டத்துக்குள் நீட்டியிருந்தேன். மட்டைகளின் நடுவில் வெள்ளாட்டுக் கொம்பு அளவுக்குப் பழுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துப் பேரீச்சைகளில் நகாலுக்குத்தான் அவசரம் அதிகம். மற்ற மரங்கள் குளிரில் சுருண்டு கிடக்கும்போதே அது பாளை விட்டுவிடும். ஒவ்வொரு வருடமும் என் புருஷன் ஹுமைத் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்திலிருந்தே கத்துவார். நான் மாவுக் கையோடு ஓடிப்போய், நான் நேற்றே பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்வேன். அவர் மவுத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த முறை நிஜமாகவே நான்தான் முதலில் பார்த்தேன், சொல்லிக் காட்ட ஆள் இல்லை. பானையைத் தேவைக்கு மேல் தேய்த்தேன்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா. சாயம் போன கறுப்பு உடை, மருதாணி இல்லை, அத்தர் இல்லை, சாம்பிராணி இல்லை. பெண்கள் வருவார்கள், பிளாஸ்க்கில் காப்பி கொண்டு வருவார்கள், பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டு என் வீட்டுப் பேரீச்சம்பழத்தையே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதெல்லாம் எனக்குச் சங்கடமாக இல்லை. முப்பது வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்துவிட்டு நாலு மாதம் சும்மா உட்கார முடியாதா? முடியும். பாளைதான் சும்மா உட்காராது. அது வெடிக்கும். வெடித்த சில நாட்களுக்குள் யாராவது மேலே ஏறி, ஆண் மரத்துக் கதிரைப் பெண் பாளைக்குள் செருகிக் கட்ட வேண்டும். பேரீச்சைக்குக் காற்றும் தேனீயும் போதாது. மனிதக் கை வேண்டும்.

அந்தக் கை எங்களுக்கு வருடா வருடம் சுலைமுடையது. பாதி ஊருக்கு மரம் ஏறுகிறவன் அவன். அந்த வருடமும் வந்தான். தெருக் கதவிலேயே அவனை நிறுத்தித் திருப்பி அனுப்பியவன் கல்பான், என் கொழுந்தன்.

கல்பானைப் பற்றி நான் நல்லதாகவே ஆரம்பிக்கிறேன். ஹுமைத்தின் கபரில் மண் போட்டபோது அவன் அழுதான், அது நடிப்பு இல்லை. ஆனால் கண்ணீர் காய்வதற்குள் மஸ்கட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த ஆளுக்கு எங்கள் தோட்டம் முழுசாக வேண்டும். மரங்களைத் தள்ளிவிட்டு நீச்சல் குளம் கட்டி, சுற்றிலும் அறைகள் போட்டு, வார விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவானாம். எனக்கு மகன் இல்லை. ஒரே மகள் முஹ்ரா, கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். மகன் இல்லாத வீட்டில் தம்பிக்கும் பங்கு உண்டு, அது சட்டம், அதில் எனக்குச் சண்டை கிடையாது. அவன் பங்கு மரங்களை அவன் எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கட்டும். ஆனால் அவனுக்கு மரம் வேண்டாம், தரை வேண்டும். அதுவும் என் பங்கும் முஹ்ராவின் பங்கும் சேர்ந்த தரை. ஆம்பளை இல்லாத தோட்டம் செத்த தோட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அது உண்மையாக வேண்டுமென்றால் ஒரு பருவம் காய் பிடிக்காமல் போனால் போதும்.

சுலைமை ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். முகத்தைப் பள்ளிவாசலில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டான்.

"உங்க நல்லதுக்குத்தான் மதினி. இத்தாவுல இருக்கிற பொம்பள வீட்டுக்குள்ள வெளியாம்பள வந்து ஏறி இறங்கினா ஊரு என்ன பேசும்?"

"அவன் வீட்டுக்குள்ள வரலையே. தோட்டத்துக்குத்தானே வந்தான்."

"ஒரே சுவரு, ஒரே கதவு. தோட்டமும் வீடுதான்."

"தோட்டமும் வீடுதான்" என்று நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவன் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிலிருந்து இறங்கி, நேராகத் தோட்டத்துக்குள் நடந்தேன். அத்தனை நாள் கால்களை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே கோபம் வந்தது. வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மடையில் அடைத்திருந்த துணியைக் காலால் தள்ளினேன். தண்ணீர் எலுமிச்சை வரிசைக்குள் ஓடியது. வீட்டுக்குள் தண்ணீர் ஓடினால் துடைக்க வேண்டும். இந்த வீட்டில் துடைக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் எல்லா மரத்திலும் பாளை நீண்டது. கலாஸ் வகை மரங்களில் வாள் வாளாக, பர்து வகை மரங்களில் கொஞ்சம் சோம்பேறித்தனமாக. மாமரம் செம்பழுப்பில் பூத்தது. ஆட்டுத் தீவனத்துக்கு வெட்டிய குதிரைமசால் ஒரு விரல் அளவு திரும்ப வளர்ந்தது. நான் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் அஸர் தொழுதபின் ஒரு சுற்று நடந்து ஒவ்வொரு பாளையையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரத் தொடக்கத்தில் நகால் வெடித்தது. பழுப்பு உறை இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து தந்த நிறத்தில் கதிர்கள் பிதுங்கி நின்றன. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நான் விரல் விட்டு நாட்களை எண்ணினேன்.

பக்கத்துத் தோட்டத்து ரய்யா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு வாய் நீளம், அவள் புருஷனுக்குக் காது கேட்காது, இரண்டும் சேர்ந்து நாற்பது வருடமாகக் குடும்பம் நன்றாக நடக்கிறது. அவர்கள் தோட்டத்தில் ஆண் மரம் உண்டு, எங்களிடம் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் எழுந்து போய், மறுநாள் முக்காட்டுக்குள் எதையோ கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு ஆண் பாளைகள்.

"புருஷன் இல்லாதவளுக்கு ஆம்பளைங்கள கொண்டாந்திருக்கேன். பிடி. கனம் தாங்கல."

ஹுமைத் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பாளைகளைப் பிளந்து கதிர்களை நிழலில் ஆற வைக்க வேண்டும், ஈரமும் காற்றும் படக்கூடாது. வீட்டில் அதற்கு ஏற்ற இடம் படுக்கையறைதான். கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு ஏழையும் வரிசையாகப் பரப்பினேன். விரிப்பெல்லாம் மகரந்தம் மாவாகக் கொட்டியது. அந்த மாவுக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த மாவு வாசனை என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரீச்சை ஊர்களில் அந்தப் பருவத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நடப்பார்கள்.

கல்பானின் மனைவி நஸ்ரா பேரீச்சை ஊர்க்காரி இல்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், மீன் வாசனையில் வகை சொல்லக்கூடியவள், மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் ஒரு கிண்ணம் கோதுமை ஹரீஸ் கிண்டி எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். நல்ல பெண்தான். உட்கார்ந்தாள், காப்பியை வாங்கினாள், இரண்டு மிடறு குடித்தாள், பிறகு அவள் மூக்கு விடைத்தது. என்னைப் பார்த்தாள். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். காது வரை சிவந்துபோய், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து ஓடினாள். அவள் அடுப்பைப் பற்றி நான் அப்போது சந்தேகப்படவில்லை. கிண்ணத்தைக்கூட விட்டுவிட்டுப் போனாளே என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால் கல்பான் வந்தான். தனியாக வரவில்லை. நப்ஹான் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் ஹுமைத்துக்கும் கல்பானுக்கும் சித்தப்பா. வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது என்று பிரித்துக் கொடுப்பவர். கண் மங்கிவிட்டாலும் அவர் சொன்னால் ஊரில் மறு பேச்சு இல்லை. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். கல்பானுக்கு மூச்சு வாங்கியது. வந்த காரியத்தை வாயால் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"மதினி, உள்ள யாரு இருக்கா?"

அப்போதுதான் எனக்கு நஸ்ராவின் மூக்கு புரிந்தது. உச்சந்தலை வரை கோபம் ஏறியது. என் புருஷன் படுத்துச் செத்த கட்டில் அது. கத்தியிருப்பேன். ஆனால் கோபத்துக்கு அடியிலிருந்து ரய்யாவின் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"போய்ப் பாரு. கட்டில்லதான் படுத்திருக்காங்க. ஒருத்தர் இல்ல, ஏழு பேரு."

அவன் கதவைத் தள்ளிய வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பி அவன் முழங்கையிலேயே இடித்தது. நப்ஹான் மாமாவுக்குக் கண்தான் மங்கல், மூக்கு நன்றாக வேலை செய்யும். வாசலிலேயே நின்று ஒரு முறை முகர்ந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தடி கீழே விழுந்துவிட்டது, எடுக்கவும் முடியவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கல்பான் வெளியே வந்தபோது அவன் கறுப்புத் தாடியில் மாவு ஒட்டியிருந்தது.

சிரித்து முடித்தபின் மாமா கேட்டார், இதையெல்லாம் மேலே ஏற்றப்போவது யார் என்று. நான் ஏறப்போகிறேன் என்றேன். அதை அந்த நிமிடம் வரை நான் எனக்கே சொல்லியிருக்கவில்லை. கட்டிலில் ஆண் கதிரைப் பரப்பியவளுக்கு அடுத்து என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தது. வார்த்தையாக வந்தது அப்போதுதான்.

"பொம்பள மரம் ஏறுறதா?" என்றான் கல்பான்.

"வெளியாம்பள வரக்கூடாதுன்னு சொன்னது நீ. தோட்டமும் வீடுதான்னு சொன்னதும் நீ. என் வீட்டுக்குள்ள நான் ஏறுறேன்."

ஏழு பேரைத் தேடி வந்த வெட்கம் அவனுக்கு இன்னும் தணியவில்லை. ஏறட்டும், ஏறி என்னத்தைக் கட்டினாலும் காய் பிடிக்காது என்றான். பிடித்தால் விற்கும் பேச்சையே எடுக்கமாட்டானாம், அவன் பங்கு மரத்தை மட்டும் பிரித்துக்கொள்வானாம். பிடிக்காவிட்டால் இத்தா முடிந்ததும் மூன்று பங்கையும் சேர்த்து விற்றாக வேண்டுமாம், சித்தப்பா சாட்சியாம். மாமா என் பக்கம் திரும்பினார். போனில் முஹ்ராவைக் கேட்டேன். அம்மா சொல்வதுதான் என் வார்த்தை என்றாள், கூடவே, விழுந்து வைக்காதே என்றாள். நான் சம்மதித்தேன்.

முதலில் இளசான கலாஸ் மரங்கள். அவற்றுக்கு ஏணி போதும். அரிவாளால் முள்ளைக் கழிக்கும்போது ஒரு முள் உள்ளங்கைக்குள் போய் முறிந்தது. ரய்யா ஊசியைச் சுட்டு எடுத்துவிட்டாள். ஏணி எட்டாத நகால் மரத்துக்குக் கயிறு வேண்டும். ஹுமைத்தின் ஏறுகயிறு கொட்டிலில் தொங்கியது. நாரால் முறுக்கிய கயிறு, முதுகு சாய்வதற்கு அகலப் பட்டை. அதை மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எங்கள் உடையில் பாவாடைக்கு அடியில் கால்சட்டை உண்டு. எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாய்ந்து, கயிற்றை மேலே தள்ளி, ஒரு கால், மறு கால். பழைய மட்டைகளை வெட்டிய அடிக்கட்டைகளில் பாதம் வைக்க இடம் இருக்கும். பாதி உயரத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழேயிருந்து ரய்யா, இறங்கினால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவேன் என்றாள். அதற்காகவே ஏறினேன்.

மேலே போனதும் எனக்கு வந்தது பயம் இல்லை, ஹுமைத் மேல் ஆத்திரம். முப்பது வருடம் நான் கீழே நின்று கதிரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சுலைம் வராத நாட்களில் இவர் ஏறுவார், நான் அண்ணாந்து நிற்பேன். நானும் ஒருதரம் ஏறுகிறேனே என்று கேட்டால், விழுந்தால் சமைக்க யார் என்பார். மேலே இத்தனை காற்று இருக்கிறது, சுவருக்கு அந்தப்பக்கம் ரோடு தெரிகிறது, மலை கிட்டத்தில் தெரிகிறது என்று அந்த மனிதர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. மட்டைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அங்கே யாரும் வந்து பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. அழுது முடித்து மூக்கை முக்காட்டில் துடைத்துவிட்டு, மூன்று ஆண் கதிர்களை எடுத்துத் தலைகீழாகப் பாளைக்குள் செருகி, ஓலைக் கீற்றால் தளர்வாகக் கட்டினேன். மாவு மூக்கெல்லாம் அப்பியது. இத்தாவில் வாசனை கூடாது. இது அத்தர் இல்லை என்று என்னைப் படைத்த ரப்புக்குத் தெரியும்.

ரோட்டில் போனவர்கள் பார்த்துவிட்டார்கள். பள்ளிவாசல் வாசலில் கூட்டம் கூடியது. மரத்தின் உச்சி வீட்டுக்குள் சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்று இமாமிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். சுவருக்குள் என்றிருக்கிறார்கள். பிறகு என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிவிட்டுக் குர்ஆனைத் திறந்துகொண்டாராம். ரய்யா இதைச் சொன்ன விதத்தை அப்படியே எழுத எனக்குக் கூச்சம்.

மூலையில் நிற்கும் மப்ஸலி மரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதன் உயரத்துக்கு என் கயிறும் நெஞ்சும் பற்றாது. என்னால் முடியாததை முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்ற எல்லா மரத்துக்கும் கட்டி முடித்த மறுநாள் மத்தியானம் மலைப் பக்கம் இருட்டியது.

எங்கள் ஊரில் மழை என்றால் திருநாள். பிள்ளைகள் தெருவில் ஆடினார்கள், ஓடையில் தண்ணீர் வந்ததைப் பார்க்க ஊரே வண்டி எடுத்துக்கொண்டு போனது. ரய்யாகூடக் கையேந்தி நின்றாள். நான் படியில் உட்கார்ந்து, கட்டிய மாவெல்லாம் மரத்தோடு வழிந்து கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையை வைய முடியுமா? மழை இறைவனின் அருள், ரஹ்மத் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நாக்கு அது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சாயங்காலம் கல்பான் வீட்டிலிருந்து மழைச் சந்தோஷத்துக்கு என்று ஒரு கிண்ணம் ஹல்வா வந்தது. அவ்வளவு இனிப்பாக எதையும் நான் சாப்பிட்டதில்லை. ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை, கிண்ணத்தைக் கழுவிப் பளபளவென்று திருப்பி அனுப்பினேன்.

பெண் பாளைகள் இன்னும் சில நாட்கள்தான் விரிந்திருக்கும். ரய்யாவின் ஆண் மரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. அவள் நாலு தோட்டங்களில் கேட்டாள். கல்பானுக்குப் பயந்து யாரும் கொடுக்கவில்லை. மழை விட்ட இரண்டாம் நாள் காலையில், தெருப்பக்கச் சுவருக்கு மேலாக ஏதோ பறந்து வந்து குதிரைமசாலில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு இன்னொன்று. கட்டுக்கட்டாக ஆண் பாளைகள். சுவருக்கு அந்தப்பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சுலைம்.

"முஹ்ராம்மா, நான் உள்ள வரல. வெளிய ரோட்டுலதான் நிக்கிறேன். காத்துல பறக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

அந்நிய ஆணோடு பேசக்கூடாது, ஆகவே பதில் சொல்லவில்லை. அரிவாள் பிடியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தப்பக்கமும் இரண்டு தட்டு வந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஈர மரம் வழுக்கும். முழங்கால்கள் வீங்கி மடக்க முடியாமல் போய், தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். பாளை மூடுவதற்குள் கடைசி மரத்தையும் கட்டிவிட்டு இறங்கினேன்.

அதன்பிறகு செய்ய ஒன்றும் இல்லை, பார்ப்பதைத் தவிர. பேரீச்சைப் பூ ஒவ்வொன்றிலும் மூன்று பிஞ்சு இருக்கும். மாவு சேர்ந்திருந்தால் இரண்டு கருகி உதிர்ந்து, ஒன்று மட்டும் நின்று பழமாகும். சேராவிட்டால் மூன்றும் ஒன்றை ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டு, கொட்டை இல்லாத சூம்பலாக, ஆட்டுக்குப் போடும் காயாக நிற்கும். மூன்று என்றால் தோல்வி, ஒன்று என்றால் காய். தெரிய வாரக்கணக்கில் ஆகும். மரத்தின் அடியில் நின்று பார்த்தால் பச்சை மணி மணியாகத் தெரியும், மூன்றா ஒன்றா என்று தெரியாது.

எலுமிச்சை பூத்துத் தோட்டமே மணக்க ஒரு வாரம் போனது. அடுத்த வாரம் மாம்பூ உதிர்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு மாம்பிஞ்சு தெரிந்தது. அதற்கடுத்து குதிரைமசால் ஊதாவாகப் பூத்தது, பூக்க விடக்கூடாது, நான் விட்டேன். வெயில் உறைக்கத் தொடங்கியது. கல்பான் ஜும்ஆ முடிந்து வாராவாரம் வந்து, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, மூணு மூணாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போவான். ஒரு தடவை மஸ்கட் ஆளின் வேலைக்காரர்கள் வந்து உள்சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், குளம் இங்கே, கார் நிறுத்துவது இங்கே என்று. அந்த ஆம்பளைகள் உள்ளே வந்தபோது இத்தா யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோடு போட்ட இடம் முழுக்க என் துணிகளை உலர்த்தினேன், உள்பாவாடையிலிருந்து ஆரம்பித்து. அவர்கள் திரும்ப வந்து, பார்க்காமல் போய்விட்டார்கள்.

ஏறிப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று ரய்யா தினமும் கேட்டாள். முழங்கால் வலி என்று சொன்னேன். பொய். எனக்குப் பயமாக இருந்தது. ஏறிப் பார்த்து மூன்று என்று தெரிந்துவிட்டால், மீதி நாட்களை அந்தத் தோட்டத்தில் நான் எப்படி நடப்பது? மஸ்கட்டுக்கு வந்துவிடு, ஏசி அறை இருக்கிறது, பேரன் இருக்கிறான் என்று முஹ்ரா போனில் அழைத்தாள். அவள் வீட்டுச் சன்னலிலிருந்து எதிர்வீட்டுச் சன்னல் தெரியும். மூன்றா ஒன்றா என்று தெரியாமல் இருக்கும் வரை இந்த மரங்கள் என்னுடையவை என்று சொல்லிக்கொண்டு தினமும் காலையில் தோட்டத்தைப் பெருக்கினேன், மரத்தைத் தொடாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை கல்பான் நப்ஹான் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். இன்றைக்கே தெரிந்துவிடட்டும், அந்த ஆள் காத்திருக்கமாட்டான் என்றான். சுவரோரம் ரய்யா எதையோ பறிப்பதுபோல் நின்றாள். மாமா அண்ணாந்து பார்த்தார். எனக்கு வெளிச்சம்தான் தெரிகிறது, கையில் கொடுத்தால் சொல்கிறேன் என்றார். கல்பான் ஏணியைத் தேடினான். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு நேராக நகாலுக்குப் போனேன்.

இந்த முறை பாதியில் நிற்கவில்லை. உச்சியில் பட்டையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மட்டைகளை விலக்கி, குலைக்குள் விரலை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிளகு அளவுக்கு உருண்டையாக ஒன்று விரலில் பட்டது. அதன் பக்கத்தில் சருகாக ஏதோ நொறுங்கியது. அடுத்தது. ஒன்று. அடுத்ததும் ஒன்று. ஒரு இடத்தில் மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன, மழையில் போனதாக இருக்கும், போகட்டும். பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று. கண்ணைத் திறந்தேன். பச்சையாக, வழவழப்பாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. என் உடம்பு முழுக்கச் சந்தோஷம் பரவியது, இத்தாவில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் யாரையும் கேட்கவும் போவதில்லை.

ஒரு கதிரை அறுத்துக் கீழே போட்டேன். மாமா மடியில் துண்டை விரித்து வாங்கினார். மங்கிய கண்ணை மூடிக்கொண்டு, தஸ்பீஹ் மணி உருட்டுவது மாதிரி ஒவ்வொன்றாக விரலில் உருட்டினார்.

"ஒண்ணு" என்றார். "ஒண்ணுதான்டா கல்பான். ஒண்ணு."

ஒரு மரத்தை வைத்து எப்படிச் சொல்வது என்றான் கல்பான். சரி, இறங்கி அடுத்த மரம் ஏறுகிறேன், அதற்கடுத்ததும் ஏறுகிறேன், சாயங்காலம் வரைக்கும் நில் என்றேன். அவன் அருகே வந்து மரத்தடியில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"போதும் மதினி, இறங்குங்க. ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு ஆளுங்க பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

அவன் அண்ணாந்து நின்றான், வாய் பாதி திறந்திருந்தது, இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. நான் இரண்டு கைகளாலும் குலையைப் பிடித்து உலுக்கினேன். ஒன்றுக்கு இரண்டாகக் கருகியவையெல்லாம் கழன்று, பழுப்புப் பொடியாகச் சலசலவென்று இறங்கி, இஸ்திரி போட்ட அவன் வெள்ளைத் தொப்பியிலும் தோளிலும் தாடியிலும் விழுந்தன. அவன் தட்டிவிடவில்லை. பச்சை மணி ஒன்றுகூட உதிரவில்லை. நான் பட்டையை இந்தப்பக்கம் நகர்த்திச் சாய்ந்துகொண்டு, அடுத்த குலையையும் உலுக்கினேன்.